ஏழாம் நம்பர் மணல்

என் அமலாவுக்கு,

நீ இருக்கும் இடத்திலாவது தூசி இல்லாமல் இருக்கட்டும். இங்கே மாசி பிறந்ததிலிருந்து ஒரே தூசி. ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை எதற்காம், கேபிளா, தண்ணிக் குழாயா, கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் சாயங்காலம் விரலால் கோடு போடலாம். நீயாக இருந்தால் அதையும் ஒரு கவரில் வழித்துப் போட்டு நம்பர் எழுதியிருப்பாய். எனக்குத் துடைக்கவே கை வருவதில்லை. அலுப்பாக இருக்கிறது அமலா. உடம்பு அலுப்பு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து படுத்தால் போய்விடும். இது போக மாட்டேன் என்கிறது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் உட்கார்ந்தேன் என்றால், உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் ஏழாம் நம்பர் மணலுக்கு நாம் கண்டுபிடித்த வயது தப்பு. தப்புப் பண்ணினது நான். அந்தத் தப்பான எண்ணைத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து உனக்குச் சொன்னேன். நீ அதை நம்பிக்கொண்டே போய்விட்டாய்.

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். எப்படியும் நான் சொல்வதில் பாதியை நீ திருத்துவாய்.

நம் வேலையைப் பற்றி வெளியே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். "மண்ணுக்கு வயசு பாக்குறீங்களா? அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?" என்று என் வீட்டுக்காரரே கல்யாணமான புதிதில் கேட்டார். நீ விஞ்ஞானி, நான் டெக்னீஷியன். ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தோம். நீ தூத்துக்குடியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாய், நான் காக்ஸ் டவுன் பக்கத்தை விட்டு வெளியே போகாதவள். எல்லாருக்கும் நீ டாக்டர் அமலா, எனக்கு மட்டும் வாடி போடி. அப்புறம் என் ரீனாவுக்கு ஞானஸ்நானத்தில் நீயே ஞானத்தாயாக நின்றாய். பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, ஃபாதர் தண்ணீர் ஊற்றும்போது அவளைவிட நீதான் அதிகம் நடுங்கினாய்.

தேரி என்றால் உனக்கு உயிர். திருச்செந்தூர்ப் பக்கம் செக்கச்செவேல் என்று மேடு மேடாகக் கிடக்கிற அந்த மணலை ஊர்க்காரர்கள் பனைக்கும் முந்திரிக்கும் ஆன இடம் என்று விட்டுவிட்டார்கள். நீ மட்டும் அதில் பழைய காலத்து மழையையும் காற்றையும் தேடினாய். மழை குறைந்து காற்று ஓங்கிய காலத்தில் மணல் பறந்து வந்து குவிந்தது. மழை திரும்பியதும் புல்லும் செடியும் வேர் பிடித்து, மணல் நகராமல் நின்று, மேல்பக்கம் இறுகிச் சிவந்தது. மறுபடி வறட்சி வந்தால் அதன்மேல் மறுபடி மணல். குழி வெட்டி ஒரு பக்கச் சுவரைச் சீவினால் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். ராஜஸ்தான் மணல் மேடுகளிலும் இதே கதைதான், காஷ்மீரில் காற்று கொண்டுவந்து கொட்டிய மெல்லிய தூசி ஆள் உயரத்துக்கு மேல் படிந்து கிடக்கிறதே, அதற்குள்ளும் இதே கதைதான் என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டே சொல்வாய். அல்சூரில் இறங்க வேண்டிய நாம் இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியிருக்கிறோம்.

அடுக்கு தெரிந்தால் மட்டும் போதாது. எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் நம் இருட்டறை. மணல் வெயிலில் கிடக்கும்வரை அதற்குள் ஒன்றும் தங்காது. மேலே வேறு மணல் விழுந்து மூடிவிட்டால், சுற்றியுள்ள மண்ணிலிருந்து வருகிற கதிர்வீச்சு ஒவ்வொரு துகளுக்குள்ளும் துளித்துளியாகச் சேர ஆரம்பிக்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், எத்தனை காலமாக மூடிக் கிடக்கிறது என்று சொல்லிவிடலாம். எடுக்கும்போது வெளிச்சம் பட்டதோ, போச்சு. சேர்ந்தது அழிந்து, கிழட்டு மணல் எல்லாம் குமரியாகிவிடும். அதனால் இரும்புக் குழாயைச் சுவருக்குள் அடித்து, இரண்டு பக்கமும் மூடி, கறுப்புத் துணி சுற்றிக் கொண்டுவருவோம். மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரிகிற அறையில் பிரிப்போம். குழாயின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற மணல் வெளிச்சம் பார்த்த மணல், அது வயது பார்க்க உதவாது. நடுவில் இருப்பதுதான் நமக்கு.

அந்த அறைக்கு நீ போட்ட சட்டம் ஒன்று உண்டு. அங்கே சிவப்புப் பேனா வரக் கூடாது. சிவப்பு விளக்கின் கீழ், வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் எழுதினால் கண்ணுக்கே தெரியாது, வெறும் தாளாகத்தான் இருக்கும். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே மிரட்டுவாய். "ஏட்டி, இங்க எவ கையிலயாவது செவப்புப் பேனாவப் பாத்தேன், பேனாவ ஒடிக்க மாட்டேன், கைய ஒடிச்சிருவேன்." கன்னடப் பிள்ளைகளிடமும் இதை அச்சுத் தூத்துக்குடித் தமிழில்தான் சொல்வாய். அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

ஏழாம் நம்பர் குழாயை நாம் இரண்டு பேருமாகப் பிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? அடிக்கும்போது ஏதோ வேரில் முட்டிக்கொண்டு முழுசாக உள்ளே போகாத குழாய் அது. பாதிதான் நிறைந்திருந்தது. பாதிக் குழாய் என்றால் வழியெல்லாம் குலுங்கி ஓரத்து மணல் உள்ளே கலந்திருக்கும் என்று இரண்டு பக்கத்திலும் தாராளமாகக் கழித்தாய். ஆகவே ஓரத்து மணல் நிறைய, நடு மணல் கொஞ்சம். இரண்டையும் தனித்தனிக் கறுப்புப் பையில் போட்டு ஒட்டினோம். பைகளின் வெள்ளை லேபிளில் ஏழு என்று கறுப்பு மையில் முன்னமே எழுதியிருந்தது. வெளியே வந்து, உன் மேசையில் வைத்து, ஒன்றில் 'ஓரம்' என்றும் மற்றதில் 'நடு' என்றும் நீ எழுதினாய். நாம் இரண்டு பேர் மட்டும் கையாளுகிற பைகளில் தமிழில் எழுதுவது நம் பழக்கம்தானே. நீ அப்போது உன் மாணவி வினுதாவின் ஆய்வேட்டு அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தாய். கையில் இருந்தது சிவப்புப் பேனா.

சட்டம் போட்டவளே! நானும் கவனிக்கவில்லை. அன்றைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாய். என்னடி என்று கேட்டதற்கு, "கடைச் சாப்பாடு ஒத்துக்கல, சவத்த விடு" என்றாய். அடுத்த வாரமே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நோய் வந்த பிறகு எதையெல்லாம் முன்பே பார்த்திருக்கலாம் என்று நினைக்கிறோம், பார். அந்தச் சிவப்பு எழுத்தையும் நான் அந்தப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறேன். நீ தெளிவாக இருந்திருந்தால் அந்தப் பேனாவைத் தொட்டிருப்பாயா?

ஆஸ்பத்திரியில் நாலு மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள், ஆறு மணிக்கு விரட்டிவிடுவார்கள். காலையில் ஆய்வகம், மாலையில் நீ, அதற்குப் பிறகு வீடு. ஏழாம் நம்பருக்கு வயது தெரியாமல் உன் கட்டுரையை முடிக்க முடியாது. ஒவ்வொரு நாளும், "ஏழு என்னாச்சுட்டி?" என்று கேட்டாய். டாக்டர்கள் வேறு பக்கம் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள். எப்படியாவது சீக்கிரம் முடித்து உன்னிடம் கொண்டுவர வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு நாள் பிற்பகல் இருட்டறைக்குள் இரண்டு பைகளையும் எடுத்து வைத்தேன். இரண்டிலும் ஏழு. அதற்குக் கீழே இரண்டிலும் வெறும் வெள்ளை. சிவப்பில் எழுதியிருக்கிறாய் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே கொண்டுபோய், வெளிச்சத்தில் படித்துவிட்டு, திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மேசையில் வேறு மணல் தட்டுத் தட்டாகத் திறந்து கிடந்தது. எல்லாவற்றையும் மூடி, கதவைத் திறந்து, போய் வந்து, மறுபடி விரித்தால் அரை மணி நேரம் ஆகும். மணி மூன்றேகால் ஆகியிருந்தது. எப்போதும் நடு மணல்தானே அதிகமாக இருக்கும், கனமான பை அதுதான் என்று எடுத்துவிட்டேன். வெளியே வந்த பிறகும் லேபிளைத் திருப்பிப் பார்க்கவில்லை. பாதிக் குழாய் என்பதை மறந்துபோனேன். மறந்துபோனேன் என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் ஞாபகம் வர விடவில்லையோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

சில நாளில் எண் வந்தது. எதிர்பார்த்ததைவிட ரொம்ப ரொம்ப இளைய மணல். அதைவிட, ஒவ்வொரு அளவும் ஒரு பக்கம் சிதறியது. மெஷின் அதன் பாஷையில் ஏதோ தப்பு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன்.

நீ எழுந்து உட்கார்ந்து, தாளை மூன்று தடவை பார்த்தாய். "ஏட்டி ஜோஸ், சரியாத்தான் பாத்தியா?"

"சத்தியமா சரியாதான் பாத்தேன்."

"எண்ணு செதறுதே."

"அது உனக்குத்தான்டி தெரியணும், என்ன கேட்டா?"

நர்ஸ் வந்து சலைன் மாற்றிவிட்டுப் போனாள். அப்புறம் என் கையை அப்படி ஒரு இறுக்கு இறுக்கினாய், வளையல் அழுந்தியது. "காத்து ஆடிருக்குட்டி! பழைய மணலையும் புது மணலையும் சேத்து அடிச்சிருக்கு, அதான் செதறுது. தேரி முழிச்சிருக்கு. அந்தக் காலத்துல இல்ல, மனுசன் பக்கத்துல குடியிருக்கும்போதே முழிச்சிருக்கு. அப்ப பெரிய வறட்சி எல்லாம் வேண்டாம். கொஞ்சம் மழை ஏமாத்துனாலே இது கெளம்பிரும். இத நான் எழுதியே ஆகணும்."

மூன்று நாள் மடிக்கணினியை வயிற்றின்மேல் தலையணை வைத்து அதன்மேல் வைத்துக்கொண்டு எழுதினாய். நர்ஸ் திட்டினாள், நான் திட்டினேன். நான் கொண்டுவந்த ரசம் சோற்றை இரண்டு வாய் தின்றுவிட்டு மறுபடி தட்டினாய். கடைசிப் பத்தி முடித்த அன்று, அம்மாவுக்குப் போன் போட்டு, "எம்மா, நம்ம தேரியப் பத்திப் பெரிசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினாய். அவ்வளவு மாதத்தில் உன் முகம் தெளிந்து நான் பார்த்தது அந்த மூன்று நாள்தான். அதை உனக்குக் கொடுத்தது நான் என்று நினைத்து நினைத்துத்தான் உன்னை அடக்கம் பண்ணிய பிறகும் என்னால் எழுந்து வேலைக்குப் போக முடிந்தது.

இனி இந்த வருஷத்துக் கதை. உன் கட்டுரையை வினுதாதான் ஒழுங்குபடுத்தி அனுப்பினாள். துமகூரிலிருந்து பயந்து பயந்து வந்தாளே, அதே வினுதா. இப்போது அவள்தான் ஆய்வகத்தில் பாதி. அனுப்பிய ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் ஏழாம் நம்பரில் எண்கள் இவ்வளவு சிதறுகின்றனவே, மீதி மணல் இருந்தால் இன்னொரு முறை அளந்து காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வினுதா அலமாரியைக் குடைந்து, ஒரு சின்னக் கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் என்னிடம் வந்தாள். ஒட்டிய ஒட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் உன் எழுத்து சிவப்பாக, பளிச்சென்று தெரிந்தது.

"ஜோஸ் மேடம், இதரல்லி ஏனு பரெதிதாரெ?" என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

நடு என்று எழுதியிருந்தது.

ஆய்வகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். ஆய்வகத்துக்குத் தலைவரான சார் வங்காளத்துக்காரர், மற்றவர்கள் கன்னடம், ஒரு பையன் ஒடியா. அவள் போனைத் தூக்கிக் காட்டியிருந்தால் அதுவே படித்துச் சொல்லியிருக்கும். அந்தப் பிள்ளை என்னை நம்பிக் கேட்டாள். நான், "ஓரத்து மணல்மா. அளக்கிறதுக்கு ஆகாது" என்று கன்னடத்தில் சொன்னேன். "ஓ, சரி மேடம்" என்று திருப்பி வைக்கப் போய்விட்டாள்.

பத்து நாள் அந்தப் பொய்யோடு போய் வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் முதுகு வலித்தது. சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். பாவசங்கீர்த்தன வரிசையில்கூட நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். குவார்ட்ஸ் துகள், கதிர்வீச்சு என்று நான் ஆரம்பித்தால் ஃபாதர் பாவம், உள்ளேயே தூங்கிவிடுவார். சொல்லாததற்கு அது ஒரு சாக்கு.

நடுவில் உன் தம்பி போன் பண்ணினான். "அக்கா, அமலாக்கா எழுதுனது எப்ப வரும்? அம்மா தெனமும் கேக்குதா. கண்ணாடி போட்டு மாட்டணும்னு செவத்துல ஆணிகூட அடிச்சாச்சு." வந்துரும்பா, வந்துரும் என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்லதுதானே நடக்கும் என்று பட்டது. உன் அம்மாவுக்கு ஒரு படம், வினுதாவுக்கு ஒரு கட்டுரை, உனக்கு ஒரு பெயர். யாருக்கு நஷ்டம்? தேரி வந்து சாட்சி சொல்லப்போகிறதா?

பதினோராம் நாள் வினுதா பதில் கடிதத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தாள். "மேடம், ஒருமுறை படித்துப் பாருங்கள், உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன்" என்றாள் சந்தோஷமாக. ஏழாம் நம்பரில் மீதி இருப்பது வெளிச்சம் பட்ட மணல், அளக்கத் தகுதியற்றது, இதை உறுதி செய்தவர் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் ஜோஸ்பின் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை கட்டுரைக்கு மணல் சலித்திருக்கிறேன், எவ்வளவு ஆசிட்டில் கையைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்றிலும் என் பெயர் வந்தது கிடையாது. நீ போட வேண்டும் என்று சண்டை பிடித்ததும் நடக்கவில்லை. முதல் தடவையாக வருகிறது, அதுவும் இதற்கு.

"வினுதா, உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டறை, கனமான பை, மூன்றேகால் மணி, தாழ்வாரத்தில் சொன்ன பொய், எல்லாம்.

அவள் முதலில் கேட்டது மணலைப் பற்றி இல்லை. "ஹத்து தினா, மேடம்?" பத்து நாளா என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஆமாம் என்றேன். அப்புறம் அந்தப் பதில் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "வாங்க, சார் கிட்ட போலாம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். லேபிளை எழுதியது யார் என்று கேட்டார். "கையெழுத்து அமலாவோடது சார். படிக்காம எடுத்தது நான்" என்றேன். உன் பெயரைச் சொல்லும்போது உன்னைக் காட்டிக் கொடுக்கிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் மறைத்தால் அதுவும் இன்னொரு பொய்யாகப் போகும். என்னைத் திட்டு, ஆனால் அங்கே வேறு எதுவும் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சார் திட்டவில்லை. நடுப் பையை நானே வேலை பார்க்க வேண்டும், ஆனால் இந்த முறை ஒவ்வொரு கட்டத்திலும் வினுதா பக்கத்தில் நிற்பாள் என்றார். இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவள் நான். பக்கத்தில் ஒருத்தி காவலுக்கு நின்றாள். நியாயம்தான், இருந்தாலும் வலிக்காமல் இருக்குமா?

சலித்தோம், ஆசிட்டில் போட்டோம், கழுவினோம், உலர்த்தினோம். நடு மணல் கொஞ்சம்தான் இருந்ததால் ஒரு துகள்கூடச் சிந்தக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தோம். மெஷின் ஓடி முடிய நாட்கள் ஆயின. எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி, அடக்கமாக வந்து உட்கார்ந்தன. சிதறல் இல்லை. ஏழாம் நம்பர் பழைய மணல் அமலா. அதற்குக் கீழே இருந்த மணலோடு ஒத்துப்போகிற, ரொம்பப் பழைய மணல். நம் குழி சொல்லுகிறவரை, ஒரு நீண்ட வறண்ட காலத்தில் காற்று அந்த மணலைக் கொண்டுவந்து குவித்திருக்கிறது. அதற்குப் பிறகு மழை வந்து, அது அப்படியே கிடந்திருக்கிறது. மனுஷர் பக்கத்தில் இருக்கும்போது தேரி முழித்தது என்று நீ எழுதியதற்கு ஆதாரம் இல்லை. நீ பார்த்த அந்தக் காற்று அடிக்கவே இல்லை. நான் வெளிச்சம் பட்ட மணலை எடுத்துக் கொடுத்தேன், நீ அதற்கு ஒரு காற்றைக் கண்டுபிடித்தாய்.

இதைப் படித்து நீ என்ன செய்வாய்? அழுவாயா, என்னை வாய்க்கு வந்தபடி ஏசுவாயா? இல்லை, "சவத்த, ஊர்க்காரனாவது நிம்மதியா தூங்கட்டும்" என்று சிரித்துவிடுவாயா? அவ்வளவு வருஷம் பழகியும் எனக்குத் தெரியவில்லை. நீ சிரிப்பாய் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது, ஆனால் அது என் வசதிக்கு நினைப்பது.

வினுதா கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் பெயர் உன்னுடையதுதான், அதில் யாரும் கை வைக்கவில்லை. கடைசிப் பத்தி போய்விட்டது. அந்த மூன்று நாளில் எழுதினாயே, அது முழுவதும். மிச்சம் இருப்பது சின்னக் கட்டுரை, ஆனால் நிற்கும் என்கிறாள். மணல் பை மாறிப்போனதைப் பற்றி இரண்டு வரி வரும். அதில் யார் பெயரும் போடுகிற வழக்கம் இல்லை என்று சார் சொல்லிவிட்டார். யாருக்கும் படிக்கத் தெரியாத தமிழுக்குப் பின்னால் பத்து நாள் ஒளிந்திருந்தவள் நான். அதனால்தான் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லாரும் பார்க்கும்படி, பெயர் போட்டு இங்கே எழுதுகிறேன்.

வேறு என்ன சொல்ல? ரீனாவுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்துவிட்டது. போய் வரவே மூன்று மணி நேரம், வந்ததும் சோபாவில் செருப்போடு சரிந்துவிடுகிறாள். இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். "அமலாம்மா உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், பிறந்த நாளுக்குக் கேக் வாங்கி வருகிற அமலாம்மாவைத்தான் அவளுக்குத் தெரியும். எண் ஒன்று தப்பினால் மேசையில் அடிக்கிற அமலாவை எனக்குத்தான் தெரியும்.

உன் அம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை தூத்துக்குடி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். புதிய எண் உள்ள தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன். உன் அம்மா எதிரில் உட்கார்ந்து, உங்கள் மகள் போனில் கத்திச் சொன்னது உண்மை இல்லை, அவள் ஏமாந்துபோனது என் கையால் என்று சொல்வேன். உன் சிவப்புப் பேனாவைப் பற்றி அங்கேயும் மறைக்க மாட்டேன், ஆனால் அதை முதலில் சொல்ல மாட்டேன். அழுதால் பக்கத்தில் இருப்பேன். வெளியே போ என்றால் வாசலில் நிற்பேன். மன்னிக்கச் சொல்லி உன் பெயரைச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. நீ உயிரோடு இருக்கும்போது உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டியதை உன்னைப் பெற்றவளிடம் போய்ச் சொல்கிறேன்.

உன் ஞானமகளைப் பெற்றவள்,
ஜோஸ்பின்